கூரை மாற்றியவர்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் மூப்பர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

உங்களில் பலரை எனக்கு நேரிலேயே தெரியும். சிலர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன், சிலருடைய தகப்பன்மாரை அடக்கம் செய்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஆலயத்தின் கூரையை மாற்றினோம். மழை வந்தால் பாடகர் குழு உட்காரும் இடத்தில் வாளி வைத்த காலம் முடிந்தது. நன்றி ஆராதனை நடத்தினோம், பிரியாணி போட்டோம், ஒப்பந்தக்காரரை முன்னால் அழைத்துச் சால்வை போர்த்தினோம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, எல்லாரும் போன பிறகு, ஒரு தம்பி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். ஜெபிக்க வந்திருப்பார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"ஐயா, இந்தக் கூரை வேலைக்கு நானும் வந்தேன்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிமெண்ட் பையிலிருந்து கிழித்த பழுப்புத் தாள். அதன் உள்பக்கத்தில் தேதிவாரியாக ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலையின், மணிக்கணக்கு. மடிப்பு விழுந்த இடங்களில் வேர்வை பட்டு எழுத்து கலங்கியிருந்தது. அந்த எண்களை மட்டும் மறுபடி மேலே அழுத்தி எழுதியிருந்தார். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. ஓ.டி. காசு அதற்கும் முந்தியே நிலுவை. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. "மேல இருந்து பணம் இன்னும் வரலைன்னு முதலாளி சொல்றாருங்கய்யா."

நாங்கள் முழுத் தொகையையும் நாள் தவறாமல் கொடுத்துவிட்டோம். பொருளாளரிடம் ரசீது இருக்கிறது. ஒருவர் கை மாறி, இன்னொருவர் கை மாறி, வெயிலில் மேலே ஏறி நின்றவர் கைக்கு மட்டும் அந்தப் பணம் வரவில்லை. நான் நின்று பிரசங்கிக்கிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது அந்தக் கூரை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வருடா வருடம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போகிறது, சிரித்துக்கொண்டே விலையை ஏற்றுகிறோம். யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரமும் அறுப்பைப் பற்றித்தான் பேசுகிறது. வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் விழுகிறது என்கிறது. ஆள் சத்தம் போடாவிட்டாலும் கூலியே சத்தம் போடுகிறதாம். எத்தனையோ முறை வாசித்த வசனம், அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உபாகமம் 24 இன்னும் கறார்: பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான்.

நம் ஜனங்களுக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2020ல் கொரோனா பரவி வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பூட்டப்பட்டபோது எத்தனை சகோதரிகள் வீட்டில் சமைத்துக் கொடுத்தார்கள், எத்தனை வாலிபர்கள் போன் டாப்-அப் வாங்கி அனுப்பினார்கள்! அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனதாக அரசாங்கமே அறிவித்தது. அப்போது நாம் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு இன்றும் போர்வையும் சாப்பாடும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டும்போது, "சம்பளம் ஒழுங்கா வருதா தம்பி?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்டால், "ஐயா, அதெல்லாம் அரசியல்" என்று மூத்தவர்கள் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் புரியாமல் இல்லை. 1987 மே மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர்களில் வெளிநாட்டு ஊழியர்களுக்காக வேலை செய்த திருச்சபை ஊழியர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்த தலைமுறை வாயைக் கட்டிக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் கேட்பது சட்டத்திலேயே இருப்பது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்க நாம் ஏன் பயப்பட வேண்டும்?

அப்புறம், இந்தத் தம்பிமார் நம் மொழி பேசுகிறவர்கள். 1888ல் ஓஃபியர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழும்பியபோது, கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள் நம் முன்னோர்தான். இன்று வந்திருப்பவர் தேக்கா சந்தையில் நம் பக்கத்திலேயே நின்று காய்கறி வாங்குகிறார். அலுவலகத்தில் சொல்லத் தெரியாததை நம்மிடம் தமிழில் சொல்லிவிடுவார். நாம் காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி ஒரு நாள் விடுப்பு எடுத்து அந்தத் தம்பியோடு டாடம் அலுவலகத்துக்குப் போனார். சம்பளத் தகராறுகளுக்காக 2017ல் தொடங்கிய இடம். ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதுகூட அந்தத் தம்பிக்கு அன்றுதான் தெரிந்தது. பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி கிடைத்தது. ஓ.டி. கணக்குக்கு அந்தச் சிமெண்ட் தாள்தான் கைகொடுத்தது. பிறகு வேலை பெர்மிட் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வர்ணம் பூசுவதோ, மின்வேலையோ, கழிவறை கட்டுவதோ, எந்த வேலைக்கு ஒப்பந்தம் போட்டாலும், அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்த சான்றைக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அதில் அடங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும் என்பார்கள். கூடட்டும், காணிக்கைப் பணம்தானே. நம் பெஞ்சுகளில் உட்காரும் முதலாளிகளிடமும் இதையே கேளுங்கள். எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள், அவர்களோடு நான் தனியாகப் பேசுகிறேன்.

எங்கள் கமிட்டி அடுத்த மாதம் மதில் வேலைக்கு விலைப்புள்ளி கேட்கிறது. அந்த வரியை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிற சபைகள் ஆள் அனுப்புங்கள், தருகிறேன்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் போதகர்களில் ஒருவன்