கொடைக்கானல் ஏறியவன் லீஜ் வரும்போது

லீஜ், பெல்ஜியம்
தை மாதம்

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

நலம். அங்கே அப்பா, அம்மா, அத்தை எல்லாரும் நலமா? இங்கே இப்போது காலை எட்டு மணிக்கும் இருட்டுதான். அப்படியும் சனிக்கிழமையானால் அறுபது, எழுபது வயதுக்காரர்கள்கூடக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் லீஜ்–பஸ்தோன்–லீஜ் சைக்கிள் பந்தயத்துக்கு முதல்நாள் நடக்கும் பொதுச் சவாரிக்கு வருவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வா. 1892-ல் தொடங்கிய பந்தயம் அது. வீரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறும் மேடுகளில் நம்மைப்போன்றவர்கள் சனிக்கிழமை ஏறலாம். ஆனால் கொடைக்கானல் ஏறிய தைரியத்தை மட்டும் நம்பி வராதே. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை நீளம்; சாய்வு மிதம். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டால் மணிக்கணக்கில் மிதிக்கலாம். இங்கே மேடு குட்டை, ஆனால் செங்குத்து. ஸ்தோக்கு மேடு ஒரு கிலோமீட்டர்தான், சராசரிச் சாய்வே 12 சதவீதம்; நூறு மீட்டர் போனால் பன்னிரண்டு மீட்டர் உயரம். ரோஷ்-ஓ-ஃபோக்கோன் 1.3 கிலோமீட்டர், 11 சதவீதம். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று நாள் முழுக்க இதுதான். முதல் மூன்று மேட்டில் வீரம் காட்டியவன் கடைசிப் பகுதியில் வரும் லா ரெடூத் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அந்த ஊர்ப்பக்கம் வளர்ந்த சைக்கிள் வீரர் பிலிப் ஜில்பேரின் பெயரைத் தார்ச்சாலை நெடுகப் பெயிண்டால் எழுதி வைத்திருப்பார்கள். குனிந்த தலையோடு அதைப் படித்துக்கொண்டே ஏற வேண்டியதுதான்.

ஆகவே கியரை முதலில் பார். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34 பல் இருக்கட்டும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும். பின்னால் 28 பல்தான் என்றால் அதே மிதிக்கு ஒன்பதுக்கு மேல் போக வேண்டும். 12 சதவீதத்தில் அந்த வேகத்தைக் கால் தாங்காது. மேட்டில் ஏறத் தொடங்கிய பிறகு முன்பக்கம் கியர் மாற்றாதே. அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் உட்பக்கம் கழன்று விழும். மேட்டுக்கு முன்பே மாற்றிவிட்டு, உட்கார்ந்தே ஏறு. ஈரத்தில் எழுந்து மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து வழுக்கும்.

பயிற்சிக்குச் சிறுமலையே போதும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய்ச் சேர்வது இதற்கு உதவாது. செங்குத்தாக உள்ள ஒன்றரை கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, ஆறு முறை ஏறி இறங்கு. ஆறாவது ஏற்றம் முதல் ஏற்றத்தின் நேரத்திலேயே முடிய வேண்டும். நீண்டுபோனால் முதலில் அவசரப்பட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

குளிரைத்தான் மதுரையில் பழக முடியாது. அங்கே சித்திரை வெயில் கொளுத்தும்போது இங்கே விடியலில் 4, 5 டிகிரி இருக்கும். 1980-ல் பனி கொட்டிய இதே பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ ஒன்பது நிமிடத்துக்கு மேல் முந்தி ஜெயித்தார். ஆனால் இரண்டு விரல்களில் உணர்ச்சி சரியாகத் திரும்பவே இல்லை. ஏறும்போது வேர்க்கும், இறங்கும்போது அந்த வேர்வையே உறைய வைக்கும். முழுவிரல் கையுறை, கழற்றக்கூடிய கைச்சட்டை, காற்றுத் தடுப்பு மேல்சட்டை மூன்றும் அவசியம். உச்சியில் ஒரு பழைய தினத்தந்தியைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டாலும் வேலை செய்யும்.

சாப்பாட்டுக்கு வழியில் நிறுத்தங்கள் உண்டு. பசிக்கும் வரை காத்திருக்காமல் அரைமணிக்கொரு முறை ஏதாவது தின்னு. கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டுவா, ஆனால் மேட்டுக்கு முன்னால் வேண்டாம். மென்று முடிப்பதற்குள் மூச்சு போய்விடும்.

சாலையை நமக்காக மூட மாட்டார்கள். சிக்னலுக்கு நிற்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டி, இடப்பக்கமாக முந்த வேண்டும். களைத்த நேரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போகும், அதுதான் ஆபத்து. இன்னொன்று: இங்கே முன்பிரேக் இடது கையில் இருக்கும். இறக்கத்தில் நம்மூர் நினைப்பில் இடதை அழுத்திப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய். வந்ததும் இரண்டு நாள் சமதரையில் ஓட்டிப் பழகு.

டயர் 28 மில்லிமீட்டர், காற்று 70–75 பவுண்டு போதும். நம் கடைக்காரர்போல் நூறு ஏற்றினால் ஈரச்சாலையில் பிடிப்பு இருக்காது.

சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவருவதைவிட வாடகைக்கு எடுப்பது லேசு. உன் பெடலை மட்டும் கழற்றிக் கொண்டுவா. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், மறந்து முறுக்கினால் இறுகத்தான் செய்யும். பெடல் தண்டுகள் இரண்டும் சேரும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பதில் கடிதத்தில் எழுது. அந்த அளவுக்கு இங்கே வண்டி சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்