செக் மொழிக்குச் சட்டம் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செக் மொழியில் எதை எப்படி எழுதலாம் என்று செக் மொழி ஆய்வு நிறுவனம் உத்தரவு போடுகிறது என்று செக் நாட்டில் பலரும் நம்புகிறார்கள். அது அறிவியல் அகாதமியைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம், அவ்வளவுதான். சந்தேகம் கேட்டால் ஆலோசனை சொல்லும், ஆனால் வீட்டில் கடிதம் எழுதுகிறவரை அது கட்டுப்படுத்தாது.

குழப்பமெல்லாம் இரண்டு 'இ'யால்தான். ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. 'இருப்பது', 'அடிப்பது' இரண்டுக்குமே 'பீத்' என்றுதான் சொல்ல வேண்டும், எழுத்து மட்டும் மாறும், அதனால் பிள்ளைகள் பள்ளியில் ஒரு பெரிய சொற்பட்டியலையே மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் நாய்கள் குரைத்தன என்றால் வினைச்சொல்லின் கடைசியில் ஒரு 'இ', பெண்கள் பாடினார்கள் என்றால் இன்னொன்று, காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது! இதில் தவறியவரைப் படிக்காதவர் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

'மற்றும்' என்ற பொருளில் வரும் 'அ' என்ற சொல்லுக்கு முன்னால் காற்புள்ளியே கூடாது என்பதும் வெறும் நம்பிக்கைதான். 'ஆகவே' என்ற பொருளில் 'அ ப்ரோதோ' என்று எழுதும்போது காற்புள்ளி கட்டாயம் வேண்டும்.

1993-இல் புதிய எழுத்து விதிகள் வந்து, பிறமொழிச் சொற்களில் பழகிய 'ஸ்' எழுத்தை மாற்றியபோது எதிர்ப்பு கிளம்பியது, 1994-இல் பழைய வடிவங்களையும் ஏற்று ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்கள். மக்கள் கேட்டால் விதியும் இறங்கி வரும், இதையும் பள்ளிகளில் சொல்லித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்