காசிமேட்டு அண்ணாவுக்கு

மணாலிக்கு மேலே பிரண்ட்ஷிப் சிகரம், 5,289 மீட்டர். பனி இறுகிக் கிடக்கும்போதே ஏறி, வெயில் சுடுமுன் இறங்கிவிட வேண்டும் என்று நள்ளிரவில் கிளம்பினோம். ஆனாலும் இறங்கத் தாமதமானது என்னால்தான். ராயபுரத்துக்காரனுக்கு மேம்பாலமே மலை.

உங்கள் குழுவினர் முகாமிலேயே தங்கிவிட, அன்றிரவுதான் நீங்கள் எங்கள் கயிற்றில் சேர்ந்தீர்கள். குரங்குக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான் உங்களைப் பார்த்தேன்.

இறங்கும்போது பனியாறு இளகியிருந்தது. பிளவுகளை மூடியிருக்கும் பனி அந்த நேரத்தில் ஆளைத் தாங்காது. திடீரென்று என் வலது கால் தொடைவரை உள்ளே போனது. அடியில் வெறும் காற்று. அதே நொடியில் இடுப்புக் கயிறு விண்ணென்று இறுகியது. திரும்பிப் பார்த்தேன். பத்து மீட்டர் பின்னால், கோடரியைப் பனியில் குத்தி உட்கார்ந்திருந்தீர்கள். காலையிலிருந்து அந்தக் கயிற்றை நீங்கள் ஒருமுறைகூடத் தொய்யவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பனியாற்றைத் தாண்டியதும் என் பூட்ஸின் வார் அறுந்து தொங்கியதை நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் கேட்காமலே மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த பச்சை நைலான் நூலால் இறுக்கிக் கட்டினீர்கள். விரல் விறைத்த குளிரில் அப்படி ஒரு முடிச்சு!

"வலை பின்னுகிற கை, தம்பி. காசிமேடு" என்றீர்கள். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியுமுன் போய்விட்டீர்கள்.

இரண்டு ஞாயிறுகளாக மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் சுற்றுகிறேன். முகம் தெரியாமல் யாரைக் கேட்பது? நன்றி அண்ணா. உங்கள் முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் தெரியவில்லை.