பட்ட கால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம். பல ஆண்டுகள் கபடிக் களத்தில் நடுவராக நின்றவன் நீ என்பதால், சில நாட்களாக என்னை விட்டு அகலாத ஒரு விஷயத்தை உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

ஸ்கி கிராஸ் என்றொரு பனிச்சறுக்குப் பந்தயம் இருக்கிறது. புறப்படும் இடத்தின் தடுப்புக் கதவு விழுந்தவுடன் நான்கு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து, மேடுகளையும் தாவல்களையும் சரிந்த வளைவுகளையும் தோள் உரசக் கடந்து கீழே இறங்குவார்கள். முதல் இருவருக்கு மட்டுமே அடுத்த சுற்று. 2010 வான்கூவரில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தின் ஃபேனி ஸ்மித் அந்தப் போட்டியிலேயே 17 வயதில் களமிறங்கினார். 2013இல் நார்வேயின் வோஸ் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

நான் சொல்ல வந்தது 2022 பெய்ஜிங் இறுதிச் சுற்றைப் பற்றி. சுவீடனின் சாண்ட்ரா நேஸ்லுண்ட் முதலாவதாகவும், கனடாவின் மரியல் தாம்ப்சன் இரண்டாவதாகவும், ஸ்மித் மூன்றாவதாகவும் கோட்டைக் கடந்தார்கள். ஆனால் வரும் வழியில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் விலகி, பக்கத்தில் வந்த ஜெர்மனியின் டேனியலா மயரின் சறுக்குப் பலகையில் பட்டிருந்தது. நடுவர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஸ்மித்துக்கு மஞ்சள் அட்டை கொடுத்து நான்காம் இடத்துக்கு இறக்கினார்கள். வெண்கலம் மயருக்குப் போனது. ஒன்பது நாள் கழித்து, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு அது வேண்டுமென்றே செய்ததும் அல்ல, தவிர்த்திருக்கக் கூடியதும் அல்ல, எழுத்து வடிவிலான எச்சரிக்கையே போதும் என்று சொல்லி அவருக்கு மூன்றாம் இடத்தைத் திருப்பித் தந்தது. பிறகு வழக்கு விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று, அந்த ஆண்டு டிசம்பரில்தான் இருவருக்கும் வெண்கலம் என்ற சமரசத்தில் முடிந்தது.

அந்தச் சமரசம் எனக்கு நியாயமாகவே படுகிறது. மயரும் எந்தத் தவறும் செய்யவில்லையே. ஆனால் அந்த மஞ்சள் அட்டையை என்னால் ஏற்க முடியவில்லை. தொடுவதே ஆட்டமாக உள்ள கபடியில், கை பட்டதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கோ, பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது எண்ணத்தால் பட்டதா, வேகத்தால் பட்டதா என்பதை அல்லவா ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது? நான்கு பேரை ஒரே தடத்தில் இறக்கிவிட்ட பிறகு, காற்றில் நிலை தடுமாறும் ஒருவரின் கால் எங்கே போய் விழும் என்பதை அவரே தீர்மானிக்க முடியுமா?

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்மித் விலகிவிடவில்லை. 2025 மார்ச்சில், சொந்த நாட்டின் எங்காடினில், முதல் பட்டம் வென்று 12 ஆண்டுகள் கழித்து மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். அந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை.

பேரனிடம் சொல்லி அந்த இறுதிச் சுற்றைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டச் சொல். முதலில் வழக்கமான வேகத்தில் ஒருமுறை பார். மெதுவாக ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. நீ அங்கே நின்றிருந்தால் அட்டையை எடுத்திருப்பாயா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
என்றும் உன் நண்பன்