தராசு வைத்திருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நம் சர்ச் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டபோது ஒரு பலாப்பழத்தை ஆயிரக்கணக்கில் கேட்டு எடுத்தாயாமே. கோபுர வேலைக்கும் பெரிய தொகை எழுதியிருக்கிறாய், சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கப் போகிறாய் என்றும் பேச்சு. சரி. ஆனால் மக்கா, உன் கடைக்கு ரப்பர் ஷீட் கொண்டுவருகிறவர்களும் அதே கோயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் இந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும். பத்திரிகையில் ஆர்.எஸ்.எஸ். 4, அதாவது புகை போட்ட ரப்பர் ஷீட்டில் நாலாம் கிரேடின் விலை வரும். அரை ஏக்கர்க்காரர் கொண்டுவரும் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புகை போதவில்லை என்று, கிரேடு பிரிக்காத ஷீட்டுக்கான குறைந்த லாட் விலை போடுவாய். அதே ஷீட் லாரியில் ஏறும்போது நாலாம் கிரேடு ஆகிவிடும். மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் கதை இன்னும் மோசம். மண்ணுக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிவு என்பதை உன் கண்தான் முடிவு செய்கிறது. ஈர ஷீட்டுக்குக் குறைப்பதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள், மழைக்காலத்தில் உன்னை ஏமாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு. காய்ந்த ஷீட்டுக்கும் அதே கழிவு போடுகிறாயே, அதைத்தான் கேட்கிறேன்.

எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்பாய். அவர்கள் எல்லாரும் சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போசனத்துக்கு முழங்கால் போடுகிறவர்களா என்று கேட்க நினைத்தேன். பாதிப் பேர் போடுகிறார்கள், அதுதான் நம் மாவட்டத்தின் சங்கடம்.

1806-இல் நம் பக்கத்து மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, வழக்கிலும் வரியிலும் உதவி கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குச் சட்டென்று ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. எதற்காக வருகிறார்கள் என்று பார்த்தார். இன்று அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோமோ!

சண்டே ஸ்கூலில், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவாக நடித்தவன் நீ. பைபிளில் அவன் கதை வரும் லூக்கா 19-ஐ இன்னொரு தடவை படி. பாதிச் சொத்தை ஏழைகளுக்கு என்றதோடு அவன் நிற்கவில்லை. அநியாயமாக வாங்கியிருந்தால் அந்தந்த ஆளுக்கே நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். காணிக்கைப் பெட்டியில் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். அடுத்தவனுக்குச் சேர வேண்டிய பணத்தை நீ கடவுளுக்குக் கொடுக்க முடியாது மக்கா, அது உன்னுடையதே இல்லை.

கோபுரத்துக்கு எழுதியதில் பாதியை நிறுத்து. பழைய பற்றுப் புத்தகத்தை எடுத்து, விதவைகள், பால்வெட்டுகிறவர்கள் கணக்கை முதலில் பார். கடை வாசலில் அன்றைய விலையை எழுதிப் போடு, தராசைக் கொண்டுவருகிறவர் பக்கம் திருப்பி வை. தேர்தலைப் பற்றி அப்புறம் பேசலாம். நின்றால் என் ஓட்டு யாருக்கு என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா