ஊசிக் குத்து வாங்கியவனிடம் முதலில் என்ன கேட்பாய்?

வவுனிக்குளம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கொழும்பு ஆஸ்பத்திரியில் உன்னை வாட்டுப் பொறுப்புச் சிஸ்டராகப் போட்ட செய்தியை அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 22 வருடம் ஆஸ்பத்திரிச் சிற்றூழியனாக வாளியும் தும்புத்தடியுமாக நின்றவன் நான். சிஸ்டர்மாரைக் கீழேயிருந்து பார்த்தவன்.

2011இல், மீள்குடியேறி வந்த புதிதில், கழிவுப் பையைத் தூக்கிக்கொண்டு போகையில் தொடையில் ஊசி ஏறியது. யாரோ பஞ்சோடு சுருட்டிப் போட்டது. அப்போதிருந்த சிஸ்டர் என் காலைப் பார்க்கவில்லை. "கண்ணை எங்கே வைத்திருந்தாய்?" என்றார், நோயாளிகள் எல்லோரும் பார்த்திருக்க. எனக்கு அப்போது வயது 47. அடுத்த முறை விரலில் குத்தியபோது பைப்பில் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அது எவ்வளவு பெரிய பிழை என்பது பிறகு வந்த சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர்களைக் குத்தினால் 100இல் 30 பேர் வரைக்கும் தொற்றலாமாம். எச்.ஐ.வி. என்றால் ஏறக்குறைய 300இல் ஒருவர். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது. நானோ ஏச்சுக்குப் பயந்து மாதக் கணக்கில் பேசாமல் இருந்தேன். என்னை அழைத்துப்போய் இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்றானதும் ஹெபடைடிஸ் பிக்கான மூன்று தடுப்பூசியும் போடுவித்தவர் அவர்தான்.

அவர் கூட்டம் வைத்துப் பேசியதில்லை. மூலையில் இருந்த ஊசிப் பெட்டியைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார். முக்கால்வாசி அளவில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. அதற்கு மேல் நிரப்பினால் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் இளம் டொக்டர் ஒருவர் இரத்தம் எடுத்த ஊசியைத் தட்டத்திலேயே விட்டுப் போனார். நான் எடுக்கக் குனிந்தேன். "அண்ணை, அதைத் தொட வேண்டாம்" என்ற சிஸ்டர், வாசல் பக்கம் திரும்பி, "டொக்டர், உங்களுடைய ஊசி" என்றார். அவ்வளவுதான். டொக்டர் திரும்பி வந்தார். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் வாட்டு முழுக்கக் கேட்டது.

அதன்பின் காயப் பதிவுகள் கூடின. "உங்கள் வாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு?" என்று மேலிடம் கேட்டது. குத்துவது கூடவில்லை பிள்ளை, சொல்வதுதான் கூடியது. உன்னிடமும் கேட்பார்கள், கூசாதே. குளக்கட்டில் கசிவை முதலில் காண்பது மாடு மேய்க்கிற பெடியன், இஞ்சினியர் அல்ல. குளக்கட்டின் மேல் மாடு ஏற்றியதற்கு அவனை அடித்தால் அடுத்த கசிவை யார் வந்து சொல்வான்?

அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். உன் வாட்டில் ஊசிப் பெட்டி கட்டிலிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுது. கழிவு தூக்குகிறவர்களுக்கு மூன்று ஊசியும் போட்டாயிற்றா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா