சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதுவது.

இனக்குழு ஆய்வுக்கு அறிமுகம் என்று ஏதோ வகுப்பில் சேர்ந்திருக்கிறாயாமே, அம்மா சொன்னாள். என்னிடமும் சொல்லியிருக்கலாம். போன மாதம் பஸ்ஸில் நடந்த எதையோ சொல்ல வந்து, "ஒன்றுமில்லை அப்பா" என்று பேச்சை மாற்றினாய். அதிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம்தான் வருகிறது. நான் துருவிக் கேட்கப்போவதில்லை. இருட்டிய பிறகு தனியாக பஸ் ஏறாதே.

அந்தப் பாடமே உங்கள் ஊர்க் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் மற்றவர்களும் 1968 நவம்பர் முதல் அடுத்த மார்ச் வரை வேலைநிறுத்தம் செய்து வாங்கியதாமே. அதே 1968இல்தான் இங்கே நீலகிரியில் வனத்துறை, இலங்கையிலிருந்து வந்த நம்மவர்களுக்கு வேலை கொடுக்கத் தேயிலை நடத் தொடங்கியது. படித்ததும் அப்பாயியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சாப்பிடுகிறாளா, கேட்டாயா?" என்றாள்.

நம் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறாயாம். எழுது, ஆனால் தாளித்துக் கொட்டாதே. 1948இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம், அங்கே மலையகத்தில் தலவாக்கலையில் பிறந்த அப்பாயியை நாடற்றவளாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று சந்தையில் மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். கொழுந்து பறித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இந்தியத் தமிழர் என்றார்கள்; கோத்தகிரிக்கு வந்தால் சிலோன்காரர். ரேஷன் கடை வரிசையில் இன்றும் எனக்கு அதுதான் பெயர்.

நம் பக்கத்தை மட்டும் எழுதினால் அது மனு, கட்டுரை ஆகாது. நமக்கான தேயிலையைக் காட்டை வெட்டித்தான் நட்டார்கள். இருளரும் குறும்பரும் நமக்கு வெகு காலம் முன்பே இந்த மலைச்சரிவுகளில் இருந்தவர்கள். அதையும் எழுது. எழுதுவாய், நீ நியாயக்காரி. சின்ன வயதில் மிட்டாயைக்கூட எண்ணித்தான் பங்கிடுவாய்.

கப்பலில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓரம் செல்லரித்துவிட்டது. அட்டையில் ஒட்டிய படத்தில் அப்பாயி மடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருப்பது நான்தான். பேராசிரியரிடம் அதைச் சொல்லவேண்டாம்.

பஸ்ஸில் யாராவது ஏதாவது சொன்னால் வாய் கொடுக்காதே. ஓட்டுநர் பக்கத்தில் போய் உட்கார். ஸ்வெட்டர் போடு. இருட்டிய பிறகு வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா?

ஞாயிறு காலை, உன் நேரம் எட்டு மணிக்கு, அப்பாயி போன் பக்கத்தில் இருப்பாள். தலைமன்னாரில் கப்பல் ஏறியதைக் கேள். திருட்டுப் படகில் வந்தவர் என்று நம்மவர்களைத் திட்டும் கள்ளத்தோணி என்ற பேச்சை மட்டும் எடுத்துவிடாதே. அவள் பாஸ்போர்ட்டோடு வந்தவள், போனை வைத்துவிடுவாள்.

அப்பா